பத்துக்கு ஒரு பங்கு ஹார்டனர்

மணிமொழி: அதான் கேக்கறேன். இத்தன நாளா போனே பண்ணாதவரு, இன்னிக்கு ஹார்டனர் அளவு கேக்கறதுக்குத்தான் பண்ணீங்களா?

சுதர்சன்: ஆமா மணி. வேற எதுக்குப் பண்ணப் போறேன்... தொழில் விஷயம்.

மணிமொழி: தொழில் விஷயம்னா சரி. கேளுங்க.

சுதர்சன்: ஒரு டப்பா தண்ணி பெயிண்ட்டு இறுகறதுக்கு ஹார்டனர் எவ்வளவு ஊத்தணும்?

மணிமொழி: கல்யாணம் ஆனதுலேருந்து நம்ம பட்டறையில நான் கலக்கறேன், நீங்க பூசறீங்க. பக்கத்துலயே நின்னு பாத்தவருக்கு அளவு தெரியாதா?

சுதர்சன்: நான் பெயிண்ட்டையா பாத்துக்கிட்டு நின்னேன்...

மணிமொழி: பின்ன?

சுதர்சன்: ஒண்ணுமில்ல. அளவச் சொல்லு.

மணிமொழி: பத்துக்கு ஒரு பங்கு. பெயிண்ட் பத்துன்னா ஹார்டனர் ஒண்ணு. கண் அளவுல ஊத்தாதீங்க, அளவு டம்ளர் இருக்கு.

சுதர்சன்: அது எங்க இருக்கு?

மணிமொழி: நீங்கதான பெரம்பலூர்ல பட்டறையில நிக்கறீங்க. நான் அரியலூர்ல எங்கம்மா வூட்டுல இருக்கேன். என்னைக் கேட்டா?

சுதர்சன்: ஆங்... இருக்கு, இருக்கு. பாத்துட்டேன்.

மணிமொழி: எங்க இருந்துச்சு?

சுதர்சன்: அங்கதான். வழக்கமா இருக்கற எடத்துல.

மணிமொழி: ம்.

சுதர்சன்: என்ன 'ம்'?

மணிமொழி: ஒண்ணுமில்லங்க. டப்பா சீல உடச்சாச்சா?

சுதர்சன்: உடச்சுட்டேன்.

மணிமொழி: அப்படியா. சரி. கையுறை?

சுதர்சன்: போட்டாச்சு.

மணிமொழி: கையுறையோட போனப் புடிச்சிருக்கீங்களா?

சுதர்சன்: ஒரு கையில போட்டிருக்கேன். ஒரு கையில போன்.

மணிமொழி: எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க. யாரு வூட்டு வேல?

சுதர்சன்: சிறுவாச்சூர் அங்கமுத்து அண்ணன் வூட்டுக் கதவு.

மணிமொழி: அந்தக் கதவு நம்மகிட்ட திரும்ப வராதுன்னுல்ல நெனச்சேன். பெயிண்ட் எல்லாம் வாய்க்கா வண்டல் வெயில்ல வெடிச்ச மாதிரி ஆயிடுச்சுன்னு, அவரு நம்ம பட்டறைக்கே வந்து நின்னாரே.

சுதர்சன்: நான்தான் போயி கேட்டு வாங்கியாந்தேன். ரெண்டு கதவும். புதுசா அடிச்சுத் தரேன்னு.

மணிமொழி: நீங்களா போனீங்க?

சுதர்சன்: போனேன்.

மணிமொழி: போயி என்ன சொன்னீங்க? 'எம் பொண்டாட்டிதான் கலக்குனா, நான் என்ன பண்ணட்டும்'னு அன்னிக்கு அவரு முன்னாடி சொன்னீங்களே, அதையே இன்னொரு வாட்டியா?

சுதர்சன்: அதச் சொல்லத்தான்... இரு, மொதல்ல பெயிண்ட்டப் பாப்போம். ஹார்டனர ஒரேயடியா ஊத்தலாமா?

மணிமொழி: ஊத்தக்கூடாது. குச்சிய வெச்சுக் கிண்டிக்கிட்டே நூல் மாதிரி விடணும். மொத்தமா ஊத்தினா அடியில திட்டுத் திட்டா நின்னுக்கும். கதவுல ஒரு எடம் கல்லாட்டம் இருக்கும், ஒரு எடம் பிசுபிசுன்னு இருக்கும்.

சுதர்சன்: கிண்டறேன்.

மணிமொழி: கிண்டுங்க... அது என்ன ஹாரன் சத்தம்?

சுதர்சன்: வெளிய பஸ்சு.

மணிமொழி: நம்ம சந்துக்குள்ள சைக்கிளே ஒருக்களிச்சுல்ல வரும்?

சுதர்சன்: ரோட்டுல போற பஸ்சு. காத்துல கேக்குது.

மணிமொழி: கண்டக்டர் சில்லறை கேக்கறதும் காத்துலதான் கேக்குதா?

சுதர்சன்: நீ போன கையோட இங்க எல்லாமே மாறிப்போச்சு மணி.

மணிமொழி: மாறாதது நீங்க மட்டுந்தான் போலருக்கு. கிண்டறத நிறுத்தாதீங்க.

சுதர்சன்: உன் பக்கமும் ஏதோ சத்தம் கேக்குதே. டக்கு டக்குன்னு.

மணிமொழி: அம்மா மோர் கடையறாங்க.

சுதர்சன்: தகர டப்பாவுலயா?

மணிமொழி: எங்க வூட்டு மோர எதுல வேணா கடைவோம். உங்களுக்கு என்ன வந்துச்சு?

சுதர்சன்: ஒண்ணும் வரல. அத்தை நல்லாருக்காங்களா?

மணிமொழி: நல்லாருக்காங்க. 'மாப்ள போன் பண்ணாரா'ன்னு தெனம் கேட்டாங்க. நானும் பண்ணாரு, பண்ணாருன்னு பொய் சொன்னேன்.

சுதர்சன்: ஏன் பொய் சொன்ன?

மணிமொழி: பண்ணலன்னு சொன்னா உங்களத்தான திட்டுவாங்க. அத விடுங்க, ஹார்டனர் எல்லாம் விட்டாச்சா?

சுதர்சன்: விட்டாச்சு. அடுத்து தின்னர் கொஞ்சம் ஊத்தட்டுமா? நம்ம பெயிண்ட்டர் டேவிட்ராஜ் அண்ணன் அதத்தான் ஊத்தச் சொன்னாரு.

மணிமொழி: அவரு எண்ணெய்ப் பெயிண்ட்டு, எனாமல் காலத்து ஆளு. இதுல தின்னர் ஊத்தினா திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும், அப்பறம் பால்கோவா கிண்ட வேண்டியதுதான். தண்ணி மட்டும். அதுவும் ஹார்டனர் நல்லா சேந்த பெறகு, கொஞ்சமா.

சுதர்சன்: லேட்டாக் காயறதுக்கு ஒரு மருந்து இருக்குமே, சின்ன பாட்டில்ல. அது?

மணிமொழி: இந்த வெயிலுக்கு அது இல்லாம முடியாது. பிரஷ்ஷ எடுக்கறதுக்குள்ள காஞ்சுபோயி, கதவு பூரா தொடப்பத்தால கூட்டுன மாதிரி கோடு விழும். ஆனா ஒரு மூடிதான். நீங்க ஊத்தற மாதிரி ஊத்தினா அங்கமுத்து அண்ணன் பேரனுக்குக் கல்யாணம் ஆகறப்பத்தான் காயும்.

சுதர்சன்: அவருக்கு இன்னும் பேரனே பொறக்கலியே.

மணிமொழி: அதத்தான் சொல்றேன்.

சுதர்சன்: சிரிக்கற.

மணிமொழி: சிரிக்கல. இருமுனேன்.

சுதர்சன்: உன் இருமல் எனக்குத் தெரியாதா... சரி, கலந்தாச்சு. மூடி வெச்சுடட்டுமா?

மணிமொழி: மூடாதீங்க. அதுவும் இறுக்கி மூடவே கூடாது. ஹார்டனரும் தண்ணியும் சேந்தா உள்ள காத்து கெளம்பும். மிச்சத்த நாளைக்கு ஆகட்டும்னு நீங்க ஒரு வாட்டி மூடி வெச்சு, மூடி பறந்து போயி மாமா போட்டோவுல அடிச்சுச்சே, மறந்துட்டீங்களா?

சுதர்சன்: எங்கப்பா மீசையெல்லாம் வெள்ள.

மணிமொழி: உங்கம்மா வந்து பாத்துட்டு, 'உங்கப்பாவ ஏன்டா தாத்தாவாக்குன'ன்னு கேட்டாங்க.

சுதர்சன்: நீதான் துணியால தொடச்ச. தொடைக்கத் தொடைக்க அவரு ஒரு பக்கம் இளசாவும் ஒரு பக்கம் கெழமாவும் ஆனாரு.

மணிமொழி: ஹ்க்கும்... ஹ்க்கும்.

சுதர்சன்: இப்பயும் இருமுறியா?

மணிமொழி: ஆமா. நுரை அடங்கட்டும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுங்க. அதுக்குள்ள, பாதியில விட்டதச் சொல்லுங்க. அங்கமுத்து அண்ணன்கிட்ட போயி என்ன சொன்னீங்க?

சுதர்சன்: மணி...

மணிமொழி: சொல்லுங்க. நுரைதான் அடங்குது, நான் இன்னும் அடங்கல.

சுதர்சன்: அன்னிக்கு நீ கலந்தது தப்பில்ல.

மணிமொழி: ம்.

சுதர்சன்: நீ ஹார்டனர் ஊத்தி வெச்சுட்டு, வாசல்ல யாரோ கூப்புட்டாங்கன்னு போயிட்ட. நான் வந்து பாத்தேன். நீ இன்னும் ஊத்தலன்னு நெனச்சுக்கிட்டு, உனக்கு ஒரு வேல மிச்சமாகட்டுமேன்னு நானும் ஊத்திட்டேன். நீ திரும்பி வந்து ஏற்கனவே ஊத்துனதுதான்னு கிண்டிக் குடுத்த. நான் பூசிட்டேன். ரெண்டு பங்கு விழுந்துருச்சு. அதான் வெறச்சுப் போயி வெடிச்சுச்சு.

மணிமொழி: இது உங்களுக்கு எப்பத் தெரியும்?

சுதர்சன்: அங்கமுத்து அண்ணன் வந்து நின்னாரு பாரு, அப்பவே. அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஆனா 'யாருய்யா கலக்குனது'ன்னு கேட்டாரா... வாயிலேருந்து உம் பேரு வந்துருச்சு. வந்த பெறகு திருப்பி எடுக்கத் தெரியல.

மணிமொழி: எனக்கும் அப்பவே தெரியும்.

சுதர்சன்: என்னா தெரியும்?

மணிமொழி: நீங்களும் ஊத்துனீங்கன்னு. பூசுன மறுநா காலையில ஹார்டனர் பாட்டில எடுத்தேன், நான் ஊத்துனதுக்கு மேல எறங்கியிருந்துச்சு. பட்டறையில நம்ம ரெண்டு பேரு, மாமா போட்டோ. மாமா ஊத்தியிருக்க மாட்டாரு.

சுதர்சன்: தெரிஞ்சுமா அன்னிக்கு அவரு முன்னாடி வாயத் தொறக்காம நின்ன?

மணிமொழி: எப்படித் தொறக்கறது? வேல குடுக்கற மனுஷன் முன்னாடி, 'எம் புருஷன்தான் கெடுத்தாரு'ன்னா சொல்லுவேன்? நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க என்னயக் கை காட்டுனீங்க. கதவு வெடிச்சதுக்கா பையத் தூக்கிட்டு அரியலூருக்குப் போனேன்? கதவ இன்னொரு வாட்டி தேச்சுக்கலாங்க.

சுதர்சன்: அதத்தான் போயி சொன்னேன். நேத்து. 'அண்ணே, அவ அளவு சரி, நான்தான் கேக்காம ஊத்துனேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்'னு. அவரு வூட்டுல எல்லாரும் இருந்தாங்க. எல்லாரு முன்னாடியுந்தான் சொன்னேன்.

மணிமொழி: அவரு என்ன சொன்னாரு?

சுதர்சன்: சிரிக்கறாரு மணி. 'எனக்கு அன்னிக்கே தெரியும்யா, உம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தேன், உம் மூஞ்சியயும் பாத்தேன்'ங்கறாரு. கதவக் கழட்டித் தூக்கிட்டுப் போன்னு குடுத்தாரு. ஒரே ஒரு கண்டிஷன்.

மணிமொழி: என்ன கண்டிஷன்?

சுதர்சன்: 'இந்த வாட்டி அந்தப் பொண்ணுதான் கலக்கணும். நீ பூசு. நடுவுல வாயத் தொறக்காத'ன்னுட்டாரு.

மணிமொழி: அப்ப அந்தக் கண்டிஷனுக்காகத்தான் போன் பண்ணீங்களாக்கும்.

சுதர்சன்: இல்ல. கதவு இல்லாட்டியும் பண்ணியிருப்பேன். பண்ணியிருக்கணும். தெனம் உம் பேர எடுத்துப் பாத்துட்டு, போன கீழ வெச்சுடுவேன். என்ன சொல்றதுன்னு தெரியாது. இன்னிக்கு ஹார்டனர் ஒரு சாக்கா கெடச்சுச்சு, அதப் புடிச்சுக்கிட்டேன். தப்புதான் மணி. பெயிண்ட்டுல இல்ல. உன்னக் காட்டிக் குடுத்தது தப்பு. வந்துடு.

மணிமொழி: இத நேர்ல வந்து சொல்ல மாட்டீங்களா?

சுதர்சன்: சொல்லுவேன். இப்பவே சொல்லுவேன். கதவத் தொற.

மணிமொழி: எந்தக் கதவ?

சுதர்சன்: உங்கம்மா வூட்டுக் கதவத்தான். வாசல்ல நிக்கறேன். பஸ்ஸுல வரப்பவே உங்கிட்ட பேசிக்கிட்டு வந்தேன். பட்டறையுமில்ல, டப்பாவுமில்ல, கையுறையுமில்ல. கையில ரெண்டு மொழம் மல்லியப்பூதான் இருக்கு. பொய் சொன்னதுக்குத் திட்டணும்னா உள்ள உக்கார வெச்சுத் திட்டு.

மணிமொழி: கதவத் தட்டுங்க. தொறப்பாங்க.

சுதர்சன்: தட்டறேன்... வந்துட்டாங்க. அத்தை, நல்லாருக்கீங்களா?

சாந்தா: வாங்க மாப்ள, வாங்க. வெயில்ல மூஞ்சியே கருத்துப்போச்சு. பூவெல்லாம் வாங்கியாந்திருக்கீங்க.

சுதர்சன்: மணி உள்ள இருக்காளா அத்தை?

சாந்தா: அத எங்கிட்ட கேக்காதீங்க. போனத்தான் காதுல வெச்சிருக்கீங்களே, அவகிட்டயே கேளுங்க. நான் போயி காபி போடறேன்.

சுதர்சன்: மணி... நீ எங்க இருக்க?

மணிமொழி: நம்ம பட்டறையிலங்க. உங்க போனுக்குக் காத்திருந்தது போதும்னு விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன், வழியில எங்கயோ உங்க பஸ்ஸும் எம் பஸ்ஸும் ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிருக்கும். எங்கிட்ட இருக்கற சாவியப் போட்டுத் தொறந்து, நீங்க தேச்சு நிறுத்தியிருக்கற கதவு ரெண்டையும் பாத்துக்கிட்டு நின்னேன், 'சீல உடச்சுட்டேன்'னு நீங்க போன்ல சொன்னப்ப டப்பா பிரிக்காம எம் முன்னாடி இருந்துச்சு. பெறகு நான் சொன்னது ஒவ்வொண்ணையும் இங்க செஞ்சுக்கிட்டேதான் சொன்னேன். கலந்ததக் கெட விட முடியாதுல்ல, அதனால மொத கதவு இன்னிக்கு நான் பூசறேன், உங்க கை மாதிரி வராது, பாத்துட்டுச் சிரிக்கக்கூடாது. காபியக் குடிச்சுட்டு, அம்மா காலுல விழுந்துட்டு, பூ வாடறதுக்குள்ள வாங்க. ரெண்டாவது கதவுக்கு நீங்கதான் கலக்கறீங்க, நான் பக்கத்துல நிக்கறேன்.