பேரும் ஊரும் போதுமாம்

கத்தாதீங்க தம்பி. கத்துனா பாஸ்வேர்டு வெளிய வந்து விழுந்துடாது. ஆமா, நான்தான் மாத்துனேன். ஒங்க புது வெப்சைட்ட எறக்கிட்டு என்னோட பழைய பக்கத்த ஏத்துனதும் நான்தான். இதுல ஒளிக்க என்னா இருக்கு? கொழும்புலருந்து ஹட்டனுக்கு இதுக்குன்னே ஏறி வந்திருக்கீங்க, உக்காருங்க.

சஞ்சயன்தானே பேரு? நம்ம ஸ்கிரீன்ல இப்ப வர்ற ஜோடனையெல்லாம் நீங்க போட்டதுதானே? நல்லதாப் போச்சு. ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்.

என் பக்கம் அசிங்கமா இருக்கா? இருக்கும். செவப்பு எழுத்து மின்னி மின்னி எரியும், மூலைக்கு மூலை ரோசாப்பூ. கண்டியில ஆறு மாசம் கோர்ஸ் படிச்சவனுக்கு அம்புட்டுத்தான் வரும். ஹுசைன் முதலாளி தன்னோட ரேடியோக் கட மாடியில இந்த டிவி ஸ்டேசன ஆரம்பிச்சப்ப, கிராபிக்ஸுன்னா நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. தொண்ணூத்தெட்டுலருந்து, போன வருசம் அவரு ஒங்க கம்பெனிக்கு வித்துட்டுப் போற வரைக்கும், இந்த மலையில ஒரு சாவு சேதி தப்பான வீட்டுக்குப் போனதில்ல.

ஆமாங்க, சாவுதான். என்னா சிரிப்பு? இந்தப் பக்கத்துச் சனம் நம்ம டிவிய எதுக்குப் பாக்குதுன்னு நெனைக்கிறீங்க? நாடகத்துக்கா? அதுக்கு ஆயிரம் சேனல் இருக்கு. பன்னெண்டரைக்கும் சாயந்தரம் ஆறு மணிக்கும் கேத அறிவிப்பு போடுறோமே, அதுக்குத்தான். முன்னெல்லாம் கேதம் சொல்ல ஆள் அனுப்பணும். அவன் பஸ்ஸப் புடிச்சு, மலை ஏறி, தேயிலத் தோட்டம் தோட்டமா அலைஞ்சு சேர்றதுக்குள்ள இங்க பொணத்த எடுத்துடுவாங்க. நாங்க வந்த பொறகுதான் அந்த அலைச்சல் நின்னுச்சு. நான் எழுதுனா தோட்டம், டிவிசன், எத்தனாம் நம்பர் லயத்து வீடு, யாரு பொண்டாட்டி, யாருக்குத் தங்கச்சி, எத்தன மணிக்கு எடுக்குறாங்க, எல்லாம் இருக்கும். ஸ்கிரீன் ரொம்பி வழியும். அழகு இல்லதான். சாவுல என்னாங்க அழகு?

அப்பறம் தொரைமாரு நீங்க வந்தீங்க. ஒரு வெள்ளப் பூவு, பக்கத்துல மெழுகுவர்த்தி, பளபளன்னு ஒரு கட்டம். அதுக்குள்ள ஒரு பேரு, ஒரு ஊரு. மிச்சத்த வெப்சைட்டுல பாருங்கன்னு அடியில எறும்பு சைஸுல ஒரு வரி. லயத்துல எவன் வீட்டுல இன்டர்நெட் இருக்கு? டெலிபோனே தோட்டத்து ஆபீசுல ஒண்ணுதான் இருக்கு.

என்னாது, ஊர் பேரு போதாதான்னா? அக்கரப்பத்தனைன்னா நாலு தெருவுன்னு நெனைச்சீங்களா? அது எத்தன தோட்டம், ஒவ்வொண்ணுலயும் எத்தன டிவிசன், தெரியுமா? ஒங்க கட்டம் வந்த ரெண்டாவது வாரம் செல்லசாமி, அக்கரப்பத்தனைன்னு போட்டோம். ஒரு லொறி சனம் மலர்வளையம், தப்பு மேளம் எல்லாத்தோடயும் போய் எறங்குது. செல்லசாமி வாசல்ல நின்னு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டிருக்காரு! செத்த செல்லசாமி அடுத்த தோட்டம். உசுரோட இருந்தவரு பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டா. அன்னிக்கே ஒங்களுக்கு எழுதுனேன், எடத்தக் கொஞ்சம் கூட்டுங்கன்னு. டிசைன் கெட்டுடும்னு பதில் போட்டது யாரு? அந்தக் கடுதாசி என்கிட்ட பத்தரமா இருக்கு.

இப்ப அறிவிப்பு என் கைக்கு வர்றதே இல்ல. ஊருல இருக்குற ஏஜென்டு கொழும்புக்கு ஃபேக்ஸ் அடிக்கிறான். நீங்க அங்க வெட்டிக் கொத்தி, படமாக்கி அனுப்புறீங்க. நான் பட்டன அமுக்கணும். அம்புட்டுத்தான் என் வேல. கொரங்க உக்கார வச்சாலும் செய்யும்.

போலீசா? தாராளமா சொல்லுங்க. வேல போயிடும்னும் தெரியும், அதுக்கெல்லாம் துணிஞ்சுதான் செஞ்சேன். பாஸ்வேர்டு வேணுமா, தர்றேன். அந்தக் கட்டத்த ரெண்டு வரி பெருசாக்குங்க. தோட்டமும் டிவிசனும் போட எடம் விடுங்க. கொழும்புக்குப் போய் செய்றேன்னு சொல்லாதீங்க, இப்ப, இங்க உக்காந்து, என் கண்ணு முன்னால செய்யுங்க. பூவத் தூக்குனா எடம் தன்னால வந்துடும்.

எழுத்துல கம்ப்ளெயின்ட் யாரு குடுத்ததுன்னா கேக்குறீங்க? யாரும் குடுக்கல. எங்க மச்சான் சிவசாமி எழுதுற ஆளு இல்ல. உடப்புசல்லாவையில இருக்காரு, எங்க அக்கா புருசன். ரெண்டு மாசத்துக்கு முன்ன அக்கா செத்துடுச்சு. காலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த எடத்துலயே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துடுச்சாம். தம்பிக்காரனுக்கு ஆள் அனுப்பணுமேன்னு யாரோ கேட்டிருக்காங்க. எதுக்கு, டிவிக்குக் குடுத்தாச்சு, அவன் கையாலதானே போடப்போறான்னு மச்சான் சொல்லிட்டாரு. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

எஸ். காமாட்சி, உடப்புசல்லாவை. படிச்சேன். அக்கா பேரும் அதான், லேசா சுருக்குன்னுச்சு. ஆனா தீபாவளிக்குப் போனப்ப கல்லு மாதிரி இருந்துச்சே. அங்க எத்தன காமாட்சியோ, இது யாரு பெத்த புள்ளயோன்னு நெனைச்சுக்கிட்டே பட்டன அமுக்கிட்டேன். மூணு வாரம் கழிச்சு, சும்மா பாத்துட்டு வரலாம்னு கருவாடு வாங்கிக்கிட்டுப் போறேன், லயத்துல ஒருத்தரும் என்னைய வான்னு சொல்லல.

பொம்பள செத்தா பொறந்த வீட்டுலருந்து கோடிச் சேல வரணுங்க, அதப் போத்தித்தான் அனுப்பணும். அக்காவுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். இப்ப வந்துடுவான், இந்த பஸ்ஸுல வந்துடுவான்னு, மறுநாளு ஆறு மணி வரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருந்தாங்களாம். அந்நேரம் நான் இங்கதான் இருந்தேன், நாலாவது தடவையா அக்காவ டிவியில போட்டுக்கிட்டு.