எட்வேட்டா, அலெக்ஸாண்டரா: பூட்டிய திடலின் தீர்ப்பு

இந்தப் பந்தலின் நடுக் கதிரையில், கூடைப்பந்துத் திடலின் பூட்டுத் திறப்பைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கம்பீரமாக வீற்றிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, இந்த ரீச்சர் பேசி முடிப்பதற்குள் பூசை நேரம் தவறிவிடுமோ என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் புன்னகைக்கும் பங்குத்தந்தை அவர்களே! தகரக் கொட்டிலிலும் தலைநிமிர்ந்து வாழத் தெரிந்த தாய்மார்களே! வலையிழுத்த கையோடு வந்து, வாதாடும் வாயோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே! சிலாவத்துறையிலிருந்து வந்து, வந்த இடத்தில் வம்பு எதுவும் பேசாமல் அமைதியாக இருக்கும் ஒரே கூட்டத்தாராகிய இஸ்லாமியச் சகோதரர்களே! கடைசியாக, கதிரை கிடைக்காமல் வேலியோரம் நின்றுகொண்டிருக்கும், இந்த ஊரின் பெண்கள் கூடைப்பந்து அணியினரே! உங்கள் அனைவருக்கும் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளியிலிருந்து நான் சுமந்து வந்த வணக்கம்.

என்னை ஏன் அழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தமிழறிந்தவள் என்பதற்காகவா? இல்லை. விளையாட்டு அறிந்தவள் என்பதற்காகவா? அறவே இல்லை. மங்கையற்கரசி ரீச்சர் வாழ்நாளில் ஒரு பந்தையும் தொட்டதில்லை, அதனால் அவர் எந்தக் கட்சியிலும் இருக்க முடியாது, அவரே நடுவராக வரட்டும் என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தீர்களாம். இந்த ஊர் ஏகமனதாக எடுத்த ஒரே தீர்மானம் அதுதான் என்றும் கேள்விப்பட்டேன். சிரிக்காதீர்கள், தலைவர் பார்க்கிறார்.

வழக்கு இதுதான். மீள்குடியேறி வந்த ஊருக்கு ஒரு புண்ணியவான் கூடைப்பந்துத் திடல் கட்டித் தந்தார். சிமெந்துத் தரை, சீரான கோடு, சிவந்த வளையம். இந்த ஊர் பெற்ற மிகப் பெரிய விளையாட்டு வீரனின் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணத்திலிருந்துதான் எல்லாக் கேடும் தொடங்கியது. எட்டிப் பிடித்துத் தொங்கிய எட்வேட்டா? எறிந்தே வென்ற அலெக்ஸாண்டரா? பெயர் முடிவாகும் வரை திடல் திறக்கப்படாது என்று சங்கம் ஓர் ஆமைப்பூட்டை வாங்கிப் பூட்டியது. மாரி போய்க் கோடை வந்துவிட்டது. பூட்டு மட்டும் போகவில்லை.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அது தொலைபேசிக் கட்சி. ஊரிலே சிக்னல் எடுக்கும் ஒரே இடமான கோயில் மதிலில் ஏறியிருந்துகொண்டு, அமெரிக்க ஆட்டக்காரர்களில் ஜோர்டன் பெரியவரா, லெப்ரோன் பெரியவரா என்று அடிபடும் இளைஞர்கள். தம்பிமாரே, அந்த இருவரும் ஒரே காலத்தில் ஒரே திடலில் மோதியதில்லை. அப்படியிருந்தும் மோதிக்கொண்டு சட்டையைக் கிழித்தவர்கள் நீங்கள்தான். நாளைக்கு அவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாலும் என்ன நடக்கும்? வெளியிலே நிற்க வைப்போம். திடல் பூட்டு!

நான் நடுவர் அல்லவா? நடுவர் விசாரிக்க வேண்டும் அல்லவா? விசாரித்தேன். முதலில் எட்வேட் அண்ணையின் வாசலுக்குப் போனேன். எண்பதுகளின் ஏந்தல், இன்றைக்கு முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும் எங்கள் எட்வேட் அண்ணை. அந்தக் காலத்தில் அவர் துள்ளி எழுந்து, பந்தை வளையத்துக்குள் குத்தி இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தொங்குவாராம். தொங்கிக்கொண்டே தாய்மார் பக்கம் திரும்பிச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருக்கிறீர்கள் போலத்தான் தெரிகிறது. முன்வரிசையில் இரண்டு அம்மாமார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடுகிறார்கள்.

அந்தப் பழைய தூணும் வளையமும், இறங்கி விளையாட முடியாத முட்பற்றைக்குள் இன்னும் நிற்கின்றன. மிதிவெடி அகற்றியவர்கள் சிவப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டதால், போய்ப் பார்த்தேன். எனக்கு விளையாட்டுத் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும். அளவுநாடாவைப் பிடித்து அளக்கச் சொன்னேன். விதிப்படி பத்தடி இருக்க வேண்டிய வளையம், அன்பர்களே, ஒன்பது அடிக்கும் சற்றுக் குறைவு!

எப்படிக் குறைந்தது? தேய்ந்ததா? மண்ணுக்குள் இறங்கியதா? இல்லை. அந்தக் காலத்தில் இந்த ஊரில் எதையும் பாகத்தால்தான் அளப்பார்கள். கயிறா, பாகம். கடலின் ஆழமா, பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அது ஆறடி. பத்தடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பாகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் தூணை அளக்கும் மரியாதையை யாருக்குக் கொடுத்தார்கள்? ஊரில் பெரிய வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியாருக்கு. சம்மாட்டியார் மனதில் பெரியவர், செல்வத்தில் பெரியவர், உயரத்தில் மட்டும் ஐந்தடி. அவர் கையை விரித்து அளந்தபோது, ‘ஐயா, உங்கட கை கட்டை’ என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்காவது நெஞ்சில் துணிவு இருந்ததா? இல்லை. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வளையத்தைப் பதிவாக, தாழ்வாக மாட்டினார்கள். ஒரு சம்மாட்டியாரின் கையளவில் ஒரு மாவீரன் பிறந்தான்.

பொறுங்கள், பொறுங்கள். அலெக்ஸாண்டர் கட்சி விசிலடிக்க வேண்டாம். இதை எட்வேட் அண்ணையிடமே சொன்னேன். அவர் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“ரீச்சர், வளையம் பதிஞ்சது என்ர பிழையோ? மற்றவங்களுக்கும் அதே வளையம்தானே. அவங்கள் ஏன் தொங்கேல்லை?”

நியாயமான கேள்வி. தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டேன்.

அடுத்தது அலெக்ஸாண்டர். தொண்ணூறுகளில் இந்த ஊரே மடுக் காட்டில் அகதி முகாமாகக் கிடந்தபோது, அங்கே நடந்த ஆட்டங்களின் நாயகன். எங்கே நின்றும் எறிவார். எப்படித் திரும்பியும் எறிவார். எறிந்தால் விழும். சோற்று வரிசையில் நின்றபடி எறிந்தும் விழுத்தினார் என்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை, சோற்று வரிசையில் யாரும் கையை வேறு வேலைக்கு விடமாட்டார்கள்.

அவருடைய வளையத்தையும் விசாரித்தேன். பாலைமரத்தில் கட்டிய சைக்கிள் றிம்! கம்பிகளைக் கழற்றிவிட்டு ஆணியடித்த றிம். விதிப்படியான வளையத்தைவிட எவ்வளவோ அகலம். பந்து போகும், பந்தோடு ஒரு பூசணிக்காயும் போகும். இப்போது எட்வேட் கட்சி விசிலடிக்கிறது. அடியுங்கள். ஆனால் அலெக்ஸாண்டர் என்னிடம் சொன்னதையும் கேட்டுவிட்டு அடியுங்கள்.

“றிம் பெரிசுதான் ரீச்சர், நான் மறைக்கேல்லை. ஆனா எங்கட பந்தைப் பாத்தனீங்களோ? நாலு இடத்தில ஒட்டு. காத்து நிக்காது. தட்டினா எழும்பாது. தட்டிக்கொண்டு ஓடேலாது எண்டபடியால், பந்து கைக்கு வந்த இடத்தில நிண்டே எறிஞ்சனாங்கள். அப்பிடி எறிஞ்சு எறிஞ்சு வந்ததுதான் எனக்கு அந்தக் கை.”

அதுவும் நியாயம். அங்கேயும் தேநீர் குடித்தேன். விசாரணையில் நடுவருக்குக் கிடைத்த தெளிவான முடிவு என்னவென்றால், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் தேநீருக்குச் சீனி கூடுதல்.

சரி, இவ்வளவுதானா? இல்லை. நான் புறப்படும்போது எட்வேட் அண்ணை படலை வரைக்கும் பின்னால் வந்தார். ஊருக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இன்று அவருடைய அனுமதியோடு சொல்கிறேன்.

“ரீச்சர், தொங்கினது நான்தான். ஆனா பந்து தந்தது சிலாவத்துறை மர்சூக். நான் எப்ப எழும்புவன், எந்தக் கையை நீட்டுவன் எண்டு எனக்கே தெரியாது, அவனுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகப் பண்ணிச்சினம். மர்சூக் புத்தளத்துக்குப் போனான். அதுக்குப் பிறகும் கொஞ்ச நாள் துள்ளிப் பாத்தன். பந்து வரேல்லை. விட்டிட்டன்.”

மர்சூக் நானா இந்தப் பந்தலில்தான் இருக்கிறார். அவர் பெயரை எந்தக் கட்சியாவது முன்மொழிந்ததா? எந்தத் துண்டுப்பிரசுரத்திலாவது அச்சடித்ததா? தொங்கியவனைப் பார்க்கத் தெரிந்த ஊருக்குத் தந்தவனைப் பார்க்கத் தெரியவில்லையே! நானா, எழும்ப வேண்டாம், இருங்கோ. நாங்கள்தான் எழும்ப வேண்டும்.

இதெல்லாம் நடந்த பிறகு, நேற்றுப் பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனேன். அங்கே மணலில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மணலில் பந்து எழும்புமா? எழும்பாது. மணலில் வளையம் இருக்குமா? இராது. பின் என்ன செய்கிறார்கள்? ஓடுகிறார்கள், கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். ஒருத்தி கையில் பந்து மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. விளையாட்டுத் தெரியாத நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அணித்தலைவி றெபேக்கா வேர்க்க வேர்க்க வந்து சொன்னாள்:

“ரீச்சர், எறியிறதுக்கு வளையம் இல்லை. அதால குடுக்கத்தான் பழகினனாங்கள். வாற சனிக்கிழமை மன்னாரில போட்டி. இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு எங்கட ஊர்ப் பேரைச் சட்டையில போட்டுக்கொண்டு இறங்கிற முதல் அணி நாங்கள். ஆனா வளையத்தைக் கண்டா என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிக்கப் போறம். சனிக்கிழமைக்கு முதல் திடலைத் திறப்பினமோ?”

நான் சொன்னேன்: “பிள்ளை, ஊரின் மிகப் பெரிய வீரர் யார் என்று முடிவு செய்கிறோம், பொறுமையாக இரு.”

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என் அறுபது வருடத் தமிழும் செத்துப் போயிற்று.

இப்போது தீர்ப்பு. காது கொடுங்கள்.

எட்வேட் தொங்கினார். ஏன்? வளையம் பதிவு. அலெக்ஸாண்டர் எறிந்தார். ஏன்? பந்தில் காற்றில்லை. இந்தப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். ஏன்? திடல் பூட்டு. காலத்துக்கு ஒரு குறை இருந்தது, அந்தக் குறைக்குள்ளே ஒரு கலை பிறந்தது. பதிந்த வளையத்தையும் செத்த பந்தையும் பூட்டிய திடலையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க என்னால் முடியாது. நிறுக்க முடியும் என்று சொல்பவர் இருந்தால் மேடைக்கு வாங்கோ, ஒலிவாங்கியைத் தருகிறேன்.

ஒருவரும் வரவில்லை. நல்லது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வளையத்தைப் பதித்தது வாய் திறக்காத மரியாதை, மன்னித்துவிடலாம். பந்திலிருந்து காற்றைப் பிடுங்கியது போர். நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? இந்த மூன்றாவது குறையை, இந்தப் பூட்டை, யார் போட்டது? ஆமி போட்டதா? அரசாங்கம் போட்டதா? எங்கள் காணியை விடு, எங்கள் கரையை விடு, எங்கள் வீதியைத் திற என்று வெயிலில் பதாகை பிடித்து நின்ற நாங்களா போட்டோம்? ஊருக்குத் திரும்பி வந்து நாங்கள் எங்கள் கையாலே பூட்டிய முதல் இடம் எங்கள் பிள்ளைகளின் விளையாட்டிடமா? வெட்கமாக இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் இந்த ஊர்க்காரிகூட இல்லை!

என்ன தலைவர் ஐயா? பெயர்ப்பலகை அடித்தாயிற்றா? வெறுமையாக இருக்கிறதா? இருக்கட்டும். வெறும் பலகைக்குக் கீழேயும் பந்து எழும்பும். பெயர் எழுதிய பலகை இருந்தாலும் பூட்டிய திடலில் எழும்பாது.

யார் அது, கத்துவது? எட்வேட் அண்ணையா? சத்தமாகச் சொல்லுங்கோ, ஒலிவாங்கிக்குக் கேட்கட்டும்.

“என்ர பேரை எடுங்கோ எண்டு சொல்லுறன்! திடலைத் திறந்து விடுங்கோ!”

கேட்டீர்களா? அலெக்ஸாண்டரும் எழும்பிவிட்டார். அவர் என்ன சொல்கிறார்? “அவர் எடுத்தா நானும் எடுக்கிறன், முதலிலேயே எடுத்திருப்பன், அவர் எடுப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” ஐயா, இதிலும் போட்டியா? பரவாயில்லை. இன்றைக்கு இருவரும் ஒரே நேரத்தில் வென்றுவிட்டீர்கள். கைதட்டுங்கோ, இரண்டு கட்சியும் சேர்ந்து தட்டுங்கோ, இந்த ஊரில் இது அடிக்கடி நடக்காது.

தலைவர் ஐயா, சட்டைப்பையைத் தடவாமல் திறப்பை எடுங்கோ. என்னிடம் வேண்டாம், நான் பந்தைத் தொடாதவள், பூட்டையும் தொடமாட்டேன். றெபேக்கா, வேலியைச் சுற்றி வராதே, நடுவாலே நடந்து வா. பெரியவர்களே, பிள்ளைக்கு வழி விடுங்கோ.

வாங்கிவிட்டாள். மேடையைப் பார்த்து நன்றிகூடச் சொல்லாமல் ஓடுகிறாள் பாருங்கள், அணி முழுக்க அவளுக்குப் பின்னால் ஓடுகிறது. ஓடட்டும். சனிக்கிழமைக்கு அவர்களிடம் நாட்கள் அதிகம் இல்லை. நன்றி சொல்ல எங்களிடம்தான் நேரம் இருக்கிறது.

ஆகையால், பொறுமையாகக் கேட்ட தலைவருக்கு நன்றி. பூசைக்குப் பிந்திய தந்தைக்கு நன்றியும் மன்னிப்பும். இனிமேல் கூப்பிடமாட்டீர்கள் என்று தெரிந்தும் என்னைக் கூப்பிட்ட உங்களுக்கு நன்றி. கேற் திறக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. கதிரைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வாங்கோ, முதற்பந்து எழும்பும்போது ஊர் அங்கே இருக்க வேண்டும். வணக்கம்.