முட்புதர் என்று எழுதிய கைக்கு

ஐயா, அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்! இன்று மாலை ஐந்தேமுக்கால் வரை அதிகாரி நீங்களே!

வனம் காக்க வந்த வள்ளலே! கோப்புகளைக் கோபுரமாய் அடுக்கிய கொள்கைக் குன்றே! முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் தாமதமாய் வராத ஒழுங்கின் உருவே! எங்கள் வன அலுவலர் கிருபாநிதி அவர்களே!

முதல் வரியில் கேட்டதைக் கேட்கவே கூடாதென்று, உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு இம்மடலை எழுதி வாசிக்கும் ஸ்டெபியிடம் கண்காணிப்பாளர் இன்பமணி நேற்றே சொல்லியிருந்தார். "ஏளா, மடல்ல மரத்தப் பத்தி எழுதிராத. குணம், குடும்பம், நீடூழி வாழ்கன்னு முடிச்சிரு." மரத்தைப் பேசக்கூடாத வன அலுவலகம் எங்களுடையது!

குணத்தைச் சொல்லாமல் விடுவோமா? கறை படியாத கரத்தர் நீங்கள். கணவரை இழந்த சண்முகசுந்தரிக்கு வேலை வாங்கித்தர ஏழு முறை சென்னைக்கு அலைந்து, மேலிடத்தோடு மல்லுக்கட்டி வென்றவர். அன்றும் நீங்கள் ஒற்றை ஆள்தான்.

ஆற்று முகத்துவாரத்து அலையாத்திக் காட்டை எண்ண ஸ்டெபியை அனுப்பினீர்கள். மீனவர் வீட்டு முதல் பட்டதாரி, தற்காலிக ஊழியர். நெஞ்சளவு நீரில் நின்று, மரத்துக்கு மரம் வெள்ளைக் கோடு போட்டு, ஒன்பது நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதித் தந்தாள். அதை அடித்துவிட்டு 'முட்புதர்' என்று எழுதினீர்கள். மரமென்றால் வெட்ட ஆயிரம் அனுமதி வேண்டும். புதருக்கு ஒரு பொக்லைன் போதும். சரக்குக் கிடங்கு கட்டுவதற்காகத் திங்கட்கிழமை அது வருகிறது.

ஏனென்று அவள் கேட்டபோது, "மேல இருந்து சொல்லுதாவ. நான் ஒத்த ஆளு, கவர்மெண்ட எதுத்து என்ன செய்ய?" என்றீர்கள். அதே வாரம் காட்டை வெட்ட வேண்டாமென்று மனுவோடு வந்த அவள் அப்பா இஞ்ஞாசியிடம், "எல்லாத்துக்கும் கவர்மெண்டையே பாத்தா எப்படி? ஆளுக்கொரு மரம் நடுங்க" என்றீர்கள். வெளியே வந்து அவர் மகளிடம் சொன்னார்: "ஏளா, கவர்மெண்டத் தேடி உள்ள போனேன். அங்கன உக்காந்திருக்கவரு அத வெளிய தேடுதாரு."

நடுவதைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஓய்வு பெறுபவர் வாசல் குழியில் வேம்பு நடுவது இங்கே வழக்கம். இன்று காலை நீங்கள் நட்டது ஆறாவது. முந்தைய ஐந்தும் அதே குழியில் காய்ந்தவை. ஐந்துக்கும் படம் உண்டு, தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை. ஸ்டெபியும் ஊற்றவில்லை. அது அவள் குற்றம். ஆனால் ஆயுள் முழுக்க அவள் நட்டு ஊற்றினாலும், உங்கள் ஒரு சொல் வெட்டுவதற்கு ஈடாகாது.

அறிக்கையும் பேனாவும் உங்கள் முன்னால் இருக்கின்றன. எடுக்க மாட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். மரங்களை எண்ணி எழுதிய தாள்களின் நகலோடு, தன் பெயரிலேயே வழக்குப் போடப் போகிறாள். வேலை போகும். தீர்ப்புக்கு முன் திங்கட்கிழமை வந்துவிடும், காடும் போகும்.

நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள் ஐயா! வேரில்லாத அந்தக் கரையில் கடல் ஏறிவரும் நாளையும் கண்குளிரக் காணும்வரை வாழுங்கள்!

கீழே பணியாளர் பதினான்கு பேரின் ஒப்பம் இருக்கிறது. வழக்கம்போல வாசிக்காமல் போட்டது. பதினைந்தாவதாக ஸ்டெபி மட்டும் வாசித்துவிட்டுப் போட்டிருக்கிறாள். சட்டமிட்ட இம்மடலை உங்கள் மடியில் வைத்துவிட்டு, கைதட்டலுக்குக் காத்திராமல், இதோ படியிறங்குகிறாள்.