மணி அடிக்காத வார்டு

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் மிக்ஸி ஓடினாலே வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்ப்யூட்டர் அறை, தீவிர சிகிச்சை வார்டை ஒட்டினாற்போல் இருந்தது.

நோயாளியின் நாடித்துடிப்பு இறங்கினால் கருவி ‘அலெர்ட்’ என்ற கட்டளையை அழைக்கும், மணி அலறும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அதே அலறல்தான். தலைமை நர்ஸம்மாவே ஒருநாள் வந்து, "தம்பி, காது கிழியுது. சும்மா சும்மா அடிக்காம பாத்துக்கோங்களேன்" என்றார். வீண் மணிகளை மட்டும் நிறுத்துவதென்றால் ஒரு மாத வேலை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் எதையும் அழிக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ‘அலெர்ட்’ என்பது வெறும் இணைப்பு. மணியை அடிக்கும் நிரல் வேறெங்கோ இருக்கும். அந்தப் பெயரை ‘ட்ரூ’ என்ற குட்டி நிரலுக்குத் திருப்பிவிட்டேன். டாக்டர் வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி, பூட்டிக்கிடக்கும் வீட்டில் மாட்டுவது போல. ‘ட்ரூ’ ஒன்றுமே செய்யாது, ‘வேலை முடிந்தது’ என்று மட்டும் சொல்லும். எங்கள் அலுவலகத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கைது செய்யவில்லை. ஒரே வரிக் கட்டளை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் பழுது பார்த்துவிட்டதாக நினைத்து நர்ஸம்மா கும்பிடாத குறை. மாத அறிக்கையில் எல்லா அழைப்பும் நூற்றுக்கு நூறு வெற்றி. கண்காணிப்பாளர் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்.

மூன்றாம் படுக்கையில் இருந்த பஸ் டிரைவர் அடுத்த வாரமே போய்விட்டார். கருவி பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறது. பதினொன்றும் வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது. அவர் மனைவி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும்னா மணி அடிக்கும், ஓடி வந்துருவோம்னு சொன்னாங்களே சார்" என்று அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு இன்னும் நான்கு பேர். கம்ப்யூட்டரில் கோப்புகளைப் பட்டியல் போட்டாலே, எந்தப் பெயர் எதற்குப் போகிறது என்று அம்புக்குறி காட்டும். ஒருவரும் பார்க்கவில்லை. நானா மறைத்தேன்?

இப்படியாகும் என்று தெரியாது என்றுதான் வக்கீல் சொல்லச் சொன்னார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்கு இது எப்படியும் தெரிந்துவிடும்: என் அம்மா ஐந்தாம் படுக்கையில் இருந்த மூன்று நாள் மட்டும் இணைப்பு அசல் நிரலுக்கே போனது. ஒருமுறை மணி அடித்தது. எல்லோரும் ஓடிவந்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் இணைப்பை மறுபடி மாற்றிவிட்டேன். சத்தம் தாங்கவில்லை, ஐயா.