வாத்து வாத்தியார்

வாத்து வளர்க்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம், ஐயா. தண்ணீர் இருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

முப்பது வருஷம் நைனார்பாளையத்தில் வாத்தியார் வேலை. மனைவி போனதும் ரிஷிவந்தியம் பக்கம் இந்த ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷமாக என் பெயரைச் சொன்ன ஒரே ஆள் தபால்காரர்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீட்டு மறியல். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வாத்து ஏற்றி வந்த லாரி ஒன்று தெருமுனையில் மாட்டிக்கொண்டது. தீனியில்லாமல் துவண்டு கிடந்தவற்றில் அறுபதை வாங்கி ஏரியில் விட்டேன்.

மறுநாளே பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பச்சையம்மாளின் மகள் செவ்வந்திக்கு ஆறு வயது. அவள்தான் எனக்கு ‘வாத்து வாத்தியார்’ என்று பெயர் வைத்தாள். தெருவே அப்படிக் கூப்பிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் வாத்துகள் எதிர்க்கரையிலேயே ஒதுங்கின. பிள்ளைகள் கூட்டமும் அங்கேயே போய்விட்டது. இந்தக் கரையில், என் வாசலுக்கு நேரே, தெருவுக்கே குடிதண்ணீர் தரும் ஊற்று. சுற்றிலும் முள் போட்டிருந்தார்கள். அந்த முள்ளை எடுத்தேன். வாத்துகள் ஊற்றில் இறங்கிச் சேற்றை அளைந்தன. பிள்ளைகளும் பின்னாலேயே என் வாசலுக்கு வந்தார்கள்.

முள்ளை எடுத்த மூன்றாம் நாள் காலை ஒன்பது வாத்துகள் செத்து மிதந்தன. யாரும் பார்க்குமுன் புதைத்தேன். சற்று நேரத்தில் பச்சையம்மாள் குடத்தோடு வந்தாள்.

“தண்ணி ஒரு மாதிரி கவிச்சியா கீதுங்க சார். குடிக்கலாங்களா?”

காய்ச்சிக் குடியுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நானும் காய்ச்சித்தான் குடித்தேன். அதைச் சொன்னால், ஏனென்று கேட்டு வாத்துகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

“ஒண்ணும் இல்லம்மா. தாராளமா குடிங்க.”

“வாத்தியாரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா” என்று குடத்தை முக்கினாள்.

மறுநாள் செவ்வந்திக்கு வாந்தி பேதி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கி, கிடந்த மரங்களை ஏறி இறங்கிப் போனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. மரம் வெட்டியவர்களை எல்லோரும் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

முள்ளை எடுத்தது நான். தெரிந்தே குடிக்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் தனியாக இருக்க வேண்டாமே என்று மூன்று தடவை போய்ப் பச்சையம்மாள் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஒண்டியாக இருப்பது எத்தனை கொடுமை என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.