கல்யாணத்தன்று என் தங்கையைத் தூக்கிப்போனது பற்றி

பெயர் ரோஸ்மரி உன்டர்கோஃப்லர். வயது நாற்பத்தொன்று. தகப்பனார் பெயர் ஆல்பின். விலாசம்: தேவாலயத்துக்குப் பின்வீடு, மேலத்தெரு, வால்டனெக் கிராமம், தென் டிரோல். தொழில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது. இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் கிடையாது. ஒரு தடவை பசுமாட்டின் மேல் பேருந்தை உரசியதற்காக இதே நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் தப்பு மாட்டினுடையது.

நிலையப் பொறுப்பாளர் லோபினா அவர்கள் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது: இன்று மாலை என் தங்கை வால்புர்கா என்ற புர்கியை அவளுடைய கல்யாண விருந்திலிருந்து தூக்கிக்கொண்டு போனது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. புகாரில் மீசைக்காரன் என்று சொல்லப்பட்டிருக்கும் ஆள் உலகத்திலேயே கிடையாது. அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்துக்கு நடுவே மணப்பெண்ணைத் திருடுவது வழக்கம். லோபினா ஐயா தூரத்து சர்தீனியாத் தீவுக்காரர் என்றாலும் இந்த ஊரில் பெண் எடுத்தவர். அவர் மனைவியைத் திருடியதே எங்கள் அப்பாதான். ஆனாலும் “எனக்குத் தெரியும்னு நான் எழுத முடியாது, நீயே சொல்லு” என்று அவர் கேட்டதால் சொல்கிறேன். கேக் வெட்டியானதும் பெண்ணுக்கு வேண்டியவர்கள் யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு ஒயின் விடுதியில் உட்கார வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை விடுதி விடுதியாகத் தேடி வரவேண்டும். அவர் வரும்வரை அங்கே யார் என்ன குடித்தாலும் அது மாப்பிள்ளை கணக்கு. பெண் எங்கே என்று அவர் கேட்டால் ஊரில் ஒருத்தரும் உண்மையைச் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் வழக்கம்.

புர்கி ஹாம்புர்கில் ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே அவளுக்குப் பழக்கமானவர் மாப்பிள்ளை மால்டெ பீட்டர்சென். பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் எஞ்சினியர். கல்யாணத்தை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் மாப்பிள்ளையின் தாயார் வீப்கெ அம்மாள், ஹோக்ரைன் திராட்சைத் தோட்டத்தின் போட்டோவை எங்கேயோ பார்த்துவிட்டார். தோட்டச் சரிவில் விருந்து போடும் திறந்த மேல்மாடம், எதிரே பாறை மலை, சாயங்கால வெயில் விழுந்து மலை முழுக்க ரோஜா நிறம். அதன் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு நின்று மலைப் பேச்சுதான் நடந்தது.

வீப்கெ அம்மாள் குளிர்காலத்திலிருந்து பல தடவை வந்து போனார். விருந்தாளிகள் எல்லோரும் மலையைப் பார்த்து உட்காரவேண்டும் என்றார். “அப்ப யாரும் யார் மூஞ்சியையும் பாக்க மாட்டாங்க. நான் தினமும் ஓட்டற பஸ் மாதிரி இருக்கும்” என்று நான் சொன்னேன். அதன் பிறகு மேஜைகளைச் சாய்வாகப் போடுவது என்று முடிவானது. படத்தில் பழக்குலைகள் தெரியவேண்டும், அதனால் கல்யாணம் முடியும்வரை திராட்சையைப் பறிக்கக்கூடாது என்றும் சொன்னார். தோட்டக்காரர் எக்கர், “பழுத்தா பறிப்பேன். அம்மா சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அது கொடியில காத்துக்கிட்டு நிக்காது” என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு மணிநேரம் வாக்குவாதம் செய்து, மாடத்துக்கு நேர் எதிரே இருக்கும் முதல் மூன்று வரிசையை மட்டும் விட்டுவைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

புர்கிக்கு ஊர் பேண்டு வாத்தியம் வேண்டும் என்று ஆசை. வீப்கெ அம்மாள் செல்லோ வாசிப்பவரை ஏற்பாடு செய்தார். புர்கி “பரவாயில்ல” என்றாள். புர்கிக்குப் பன்றிக்கறி உருண்டை போட்ட சூப் வேண்டும். வடக்கிலிருந்து மீன் வந்தது. அதற்கும் “பரவாயில்ல” என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவளுடைய கல்யாணத்தில் அவளுடையது என்று எதுவுமே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். அதையும் என்னிடம்தான் கேட்டாள். “அக்கா, என்னை நீ திருடுவேல்ல?”

ஜூன் மாதம் கல்யாண ஏற்பாடு பற்றிப் பேசக் கூடியபோது இதை நான் வீப்கெ அம்மாளிடம் எடுத்துச் சொன்னேன். அவர் “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார். “மாப்பிள்ளை கெட்டிக்காரரா இருந்தா அரை மணி” என்றேன். “என் பையன் கெட்டிக்காரன்தான். மலைமேல வெயில் விழறதுக்குள்ள ரெண்டு பேரும் வந்து நிக்கணும், அவ்வளவுதான்” என்றார். இந்தப் பேச்சு நடந்தபோது மால்டெ அறையில் இல்லை. நடன மேடை போடப்போகும் மாடத்தின் தாங்குசுவர் இத்தனை பேர் ஆடினால் நிற்குமா என்று எக்கரோடு வெளியே போய்த் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடம் தாயார் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லிவிட்டேன் என்று அவர் நினைத்தார். நாங்கள் இருவரும் சொல்லியிருப்போம் என்று புர்கி நினைத்தாள். ஆக மூன்று பேரில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையோடு எனக்கு முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு: விரோதம் இல்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். வெயில் காய்கிற நாளிலும் மழைச்சட்டையோடு வருவார். எங்கள் வீட்டு காபி இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அதன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். இப்படிப்பட்டவரோடு என் தங்கை எப்படி வாழப்போகிறாள் என்று நான் கவலைப்பட்டது உண்மை.

இன்று கேக் வெட்டியானதும், திராட்சைக் கூடைகள் ஏற்றும் என் மூன்று சக்கர வண்டியைத் தோட்டத்தில் ஒயின் பீப்பாய் வைக்கும் பாதாள அறையின் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். முக்காட்டைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டு புர்கி எழுந்து வந்தாள். கடத்தப்பட்டவர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார் என்பதைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் கைபேசி விருந்து மேஜையிலேயே இருந்துவிட்டது. என்னுடையதை நான் அணைத்துவிட்டேன். காலால் தேட வேண்டும் என்பதுதான் வழக்கம்.

அதன் பிறகு மேட்டுத்தெருவில் இருக்கும் சென்சியின் விடுதிக்குப் போனோம். பெண்ணைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். யாரோ அக்கார்டியன் எடுத்தார்கள். “மாப்பிள்ளை கணக்குல எனக்கு இன்னொண்ணு!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். புர்கி நாற்காலி மேல் ஏறிப் பாடினாள். இந்தக் கல்யாணத்தில் அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று. சென்சியின் ஜன்னலிலிருந்தும் அதே மலைதான் தெரியும். அதன்மேல் வெயில் விழுந்து சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பும் போய்விட்டது. அக்கார்டியன்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார்.

“அவரு வரமாட்டாரு போல அக்கா” என்று புர்கி சொன்னாள்.

“வழி தெரியாம சுத்திக்கிட்டிருப்பான்” என்றேன்.

“இந்த ஊர்ல இருக்கறதே நாலு விடுதி. மலையோட போட்டோ எடுத்துக்கிட்டிருப்பாங்க. அது முக்கியம்தானே.” முக்காட்டைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். “நாளைக்கு ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கு. போகணுமான்னு தெரியல எனக்கு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்த மனிதனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து இவள் முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்து, அவளைச் சென்சியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஹோக்ரைன் போகும் வழியில் நிலையத்தைத் தாண்டும்போது, கண்ணாடிக் கதவுக்குள் கோட்டில் பூ குத்திய ஒருவர் நிற்பது தெரிந்தது. மால்டெதான். முழங்கால்வரை சேறு. வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். மால்டெயின் முதுகு என் பக்கம் இருந்ததாலும், எதிரே ஒரு காவலர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததாலும் நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் காவலர் போன வாரம்தான் நேப்பிள்ஸிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். அவருக்கும் எங்கள் வழக்கம் தெரியாது. மால்டெ மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்ததாவது: பெண்ணைக் காணோம் என்றதும் அவர் பதறி ஓடியிருக்கிறார். விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார்கள். தாயார் மாடத்திலிருந்து “சபாஷ் மால்டெ, சீக்கிரம் ஓடு!” என்று கத்தியிருக்கிறார். முதல் விடுதியில், “இதைக் குடி, அப்புறம்தான் சொல்லுவேன்” என்று ஒரு கோப்பையை நீட்டி, குடித்ததும், “பொண்ணு அழுதுக்கிட்டே போச்சு தம்பி” என்றிருக்கிறார்கள். இரண்டாவது விடுதியில் இன்னொரு கோப்பை. “மீசைக்காரன் ஒருத்தன் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பான்.” மூன்றாவதில், “உனக்கு வேற பொண்ணா கிடைக்காது?” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“இந்த ஊரே சேர்ந்து பண்ணியிருக்கு சார்” என்று மால்டெ சொன்னார். “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர் விடாம சிரிக்கறாங்க. எங்கம்மாவும் சிரிக்கறாங்க.”

எனக்கும் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் காவலர், காணாமல் போனவரின் அடையாளம் என்ன என்று கேட்டார். மால்டெ சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“உயரம் என் காதுமடல் வரைக்கும். இடது புருவத்துல ஒரு இடத்துல முடி இல்ல. சிரிச்சா முதல்ல கண்ணு மூடும், அப்புறம்தான் சத்தம் வரும். அவளுக்கு இடது கால் சீக்கிரம் குளிர்ந்துபோகும். அந்தக் கால் மட்டும்தான். யார் வச்சிருந்தாலும் ஒரு சாக்ஸ் குடுக்கச் சொல்லுங்க. அவளா கேக்க மாட்டா. பரவாயில்லன்னு சொல்லுவா. அவ பரவாயில்லன்னா பரவாயில்லன்னு அர்த்தம் இல்ல சார், எழுதிக்கோங்க. அவ சொன்ன ஒவ்வொரு பரவாயில்லையும் எனக்கு ஞாபகம் இருக்கு. பேண்டு, சூப்பு எல்லாம். ஹாம்புர்க் போனதும் ஒவ்வொண்ணா செய்யலாம்னு இருந்தேன். அம்மாகிட்ட நான்தான் எதிர்த்துப் பேசியிருக்கணும். பேசல.”

நான் முன்னால் போய், “திருடினது நான்தான்” என்று சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கத்தைச் சொன்னேன். கோபப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். “அவ ஏதாவது சாப்பிட்டாளா?” என்றுதான் கேட்டார். வண்டிச் சாவியை நீட்டினேன். அந்த வண்டியை ஓட்டத் தெரியாது என்றார். எந்த விடுதி என்று மட்டும் கேட்டுக்கொண்டு மேட்டுத்தெருவைப் பார்த்து ஓடினார்.

அதன் பிறகு லோபினா ஐயா கல்யாண விருந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். ஆள் கடத்தல் என்று பக்கத்து இரண்டு நிலையங்களுக்குச் செய்தி போய்விட்டதாலும், மீசை வைத்த ஒருவர் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டிருப்பதாலும், என் வாக்குமூலம் இல்லாமல் புகாரை முடிக்க முடியாது என்று அவர் சொன்னார். அந்த மீசைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சென்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். ஐயா ஒலிபெருக்கியில் போட்டார். “மாப்பிள்ளை வந்தான். வந்ததும் வராததுமா மண்டி போட்டு அவ காலைத் தேய்ச்சுவிட்டான். ரெண்டு பேரும் அழுதாங்க. அப்புறம் பின்வாசல் வழியா ஓடிப்போயிட்டாங்க, விருந்துக்கும் போகலியாம். வீப்கெ அம்மா இங்க வந்து நின்னுக்கிட்டு என் பையனைக் காணோம்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டாள். மீசைக்காரன் தூக்கிக்கொண்டு போனான் என்று சொல்லும்படி நான் சொன்னேன். ஐயா போனை வைத்துவிட்டார்.

அடையாளம் பற்றி மால்டெ சொன்ன பகுதி வழக்குக்குத் தேவையில்லை, அடித்துவிடலாம் என்று லோபினா ஐயா சொன்னார். அதை அடித்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். காரணம் கேட்டதற்கு: புர்கி பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அக்காவாக இருக்கிறேன், அவளுடைய எந்தக் கால் குளிரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் சொன்னது அரசாங்கத்துக் காகிதத்தில் இருக்கட்டும். ஆகவே அது அடிக்கப்படவில்லை.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ரோஸ்மரி உன்டர்கோஃப்லர்