ஊருக்கு எழுதிக் கொடுத்தேன்

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டை சாப்பிடாத ஆள் நான் ஒருவன்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். கொள்கை ஒன்றும் இல்லை, மேடம். சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. ஆனால் எனக்குச் சோறு போட்டது கோழிப்பண்ணைகள்தான். பண்ணைக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் செய்ததெல்லாம் அந்த மரியாதையோடு செய்தது. அதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் சென்னிமலை. 'பண்ணைத்துணை' என்ற மென்பொருளை எழுதியவன். பெரிய ஷெட்டுகளில் கோழிக் கூண்டுகளுக்குக் கீழே அகலமான பெல்ட் ஒன்று ஓடும். எச்சம் அதில் விழும். பெல்ட் அதை ஷெட்டின் கடைசிவரை இழுத்துப்போய் வெளியே தள்ளும். தீவனம், தண்ணீர், ஃபேன், இந்த பெல்ட் எல்லாவற்றையும் பண்ணைக்காரர் வீட்டிலிருந்தே போனில் ஓட்டலாம். அதற்குத்தான் பண்ணைத்துணை. வேறு யாரும் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. பல வருடம் அது என் சொத்தாகத்தான் இருந்தது.

பெல்ட்டின் முனையில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. உருளையில் ஏதாவது சிக்கிக்கொண்டால், கையை விடுவதற்கு முன் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் அப்படியே உள்ளே நிற்கும். முறைப்படி அது மோட்டாருக்குப் போகும் கரண்டையே துண்டிக்க வேண்டும். அவ்வளவு நீள ஷெட்டில் கனமான வயர் இழுப்பது வீண் வேலை என்று எனக்குப் பட்டது. அதனால் பட்டனை மென்பொருளோடு இணைத்தேன். அமுக்கியதும் மென்பொருள் மோட்டாரை நிறுத்தும். இன்னொரு வசதியும் செய்திருந்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், பெல்ட் தானாக ஓடத் தொடங்கும். பண்ணைக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. கரண்ட் வந்ததும் மென்பொருள் பட்டனைப் பார்க்காது. அமுங்கியிருந்தாலும் பெல்ட் ஓடும்.

காளியப்பன் என்ற தொழிலாளிக்கு இரண்டு விரல்கள் போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பட்டன அமுத்திப்போட்டுத்தானுங்க கைய உட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ மயக்கத்தில் பேசுகிறார் என்றார் அவருடைய முதலாளி. நானும் தலையாட்டினேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். காளியப்பன் சொன்னது உண்மை என்று அந்த வளாகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு பண்ணையாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் சென்னிமலை என்ற பெயர் என்ன ஆகியிருக்கும்? கம்பெனியை விற்றிருக்கலாம். வாங்குகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். மூடியிருக்கலாம். ஏன் மூடினாய் என்று ஊர் கேட்கும். ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது நான்காவது வழி தோன்றியது. ஊருக்கே கொடுத்துவிடுவது.

கல்லூரி அரங்கம் ஒன்றில் விழா வைத்தோம். இன்றிலிருந்து பண்ணைத்துணை ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று அறிவித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. கூட இருக்கும் உரிமத்தில் ஒரு வரி உண்டு, எல்லா ஓப்பன் சோர்ஸிலும் உண்டு: இதைப் பயன்படுத்துவதால் எது நேர்ந்தாலும் எழுதியவர்கள் பொறுப்பல்ல. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. நான் படித்தேன்.

உதவிக்கு வந்தவர்களில் மோகனப்பிரியா நல்ல பெண். ஜலகண்டாபுரத்துக்காரி. அப்பா தறி ஓட்டுகிறவர். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். இதில் பெயர் வந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பினாள். நம்பிக்கை நியாயமானதுதான். பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணா, ஒரு சந்தேகமுங்க. சிவப்பு பட்டன அமுத்தி வெச்சிருக்கறப்ப கரண்ட் போயிட்டு வந்தா, பெல்ட் தானா ஓடுதுங்க."

"அப்படியா சாமி? நல்லாப் பாத்தியா?"

"ஊட்டுல ஒரு சின்ன மோட்டார வெச்சுப் பாத்தேனுங்கண்ணா. ஒவ்வொரு தடவையும் ஓடுது. உள்ள யாராச்சும் கைய உட்டிருந்தா என்னங்கண்ணா ஆவறது?"

"பதறாத சாமி. நீயே திருத்தி அனுப்பு. நான் பாக்கறேன்."

அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டாள். நாலைந்து வரிதான். கரண்ட் வந்ததும் முதலில் பட்டனைப் பார், அமுங்கியிருந்தால் ஓடாதே. அவ்வளவுதான். என் மேசையில் வைத்திருக்கும் மோட்டாரில் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நான் அதை ஏற்கவில்லை. மறுக்கவும் இல்லை. அப்படியே இருக்க விட்டேன். ஏற்றிருந்தால், இவ்வளவு நாள் பட்டன் வேலை செய்யவில்லையா என்று காளியப்பன் வீட்டிலிருந்து கேள்வி வரும். அதற்குப் பதிலாக மறுநாள் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டேன்: பெல்ட் பகுதிக்கு இனிப் பொறுப்பாளர் மோகனப்பிரியா. எல்லோரும் வாழ்த்தினார்கள். அப்பா கண் கலங்கிவிட்டார் என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். பெயர் அவளுடையது. எது உள்ளே போகலாம் என்று முடிவு செய்யும் சாவி மட்டும் என்னிடமே இருந்தது. பெரிய திட்டங்களில் அப்படித்தான் இருக்கும், மேடம்.

அவள் விடவில்லை. "அந்தத் திருத்தத்த எப்பங்கண்ணா சேப்பீங்க?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள். "பெரியவங்க நாலு பேரு பாக்கோணும் சாமி" என்றேன். ஒருமுறை அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "பண்ணைக்காரங்ககிட்ட நானே போன்ல சொல்லட்டுங்களாண்ணா?" என்றாள். "சொன்னீன்னா ஊரு பூரா பயந்துக்கும். அத்தன பேரோட உழைப்பும் கெட்டுப்போயிரும். உனக்கு யாரு அப்பறம் வேல தருவா?" என்றேன். திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னேன். அதன் பிறகு கேட்கவில்லை.

அந்த மாசி வெயிலில் அடிக்கடி கரண்ட் போனது. அலுவலகத்தில் ஃபேன் நின்று மறுபடி சுற்றத் தொடங்கும்போதெல்லாம் போனை எடுத்து மேசைமேல் திரை தெரிய வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வேலையைப் பார்ப்பேன். மனைவி ஒருமுறை, "யாரு போனுங்க எதிர்பாத்துட்டு இருக்கறீங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன்.

பச்சமுத்துவின் பண்ணையிலிருந்துதான் அந்த போன் வந்தது. மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நம்ம பாவாயி பெல்ட்டுல சிக்கி..." அவரால் முடிக்க முடியவில்லை. "பட்டன் அமுத்தித்தானுங்க இருக்குது. நான் என் கண்ணால பாத்தேன்."

"உசுரு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பதறாதீங்க. இப்பவே வாரேன்."

பண்ணையில் கூலி வேலை செய்த அந்த அம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே பட்டனை அமுக்கிவிட்டு, உருளையில் சிக்கிய சாக்குத் துணியை எடுக்கக் குனிந்திருக்கிறார். அப்போது கரண்ட் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நான் உடனே கிளம்பவில்லை. முதலில் கணினியைத் திறந்து, மோகனப்பிரியா அனுப்பிய திருத்தத்தையும் அதன் கீழே அவள் எழுதியிருந்த எச்சரிக்கையையும் அழித்தேன். பிறகு வண்டியை எடுத்தேன். பண்ணையில் பச்சமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். விசாரணைக்கு நீங்கள் வந்து யார் பொறுப்பு என்று கேட்டபோது, பெல்ட் பகுதிக்கு மோகனப்பிரியா என்றேன். அது பொய் இல்லை. உலகமே பார்க்கும்படி எழுதியிருந்தது.

அவளும் மறுக்கவில்லை. "என் தப்புதானுங்க, நான் இன்னும் புடிவாதமாக் கேட்டிருக்கோணும்" என்று இதே ஸ்டேஷனில் அழுதாளாம். முதல் பாதியை மட்டும் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? அவள் இப்போது சேலம் பெண்கள் சிறையில் இருப்பதாகச் சொன்னீர்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அங்கே தூக்கம் வராமல் இருக்கும். ஒரு நல்ல போர்வை கொடுத்தனுப்ப நினைத்திருக்கிறேன்.

நான் அழித்தது என்னிடம் இருந்ததை மட்டும்தான். ஊருக்குக் கொடுத்ததில் ஆளுக்கொரு பிரதி இருக்கும். ஆத்தூரில் மைதிலி என்று ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எடுத்து வைத்திருந்தார் என்கிறீர்கள். மோகனப்பிரியாவின் திருத்தம், எச்சரிக்கை, அவள் அனுப்பிய தேதி எல்லாம் அதில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். அதனால், ஏன் சேர்க்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திருத்தத்தை நான் மறக்கவில்லை. அது சரியில்லை என்று நினைக்கவும் இல்லை. காளியப்பனின் விரல்களைப் பார்த்த அன்றே அடுத்தது ஓர் உயிர் என்று எனக்குத் தெரியும். அது போகும் நாளில் பெல்ட்டின்மேல் என் பெயர் இருக்கக்கூடாது. விழா வைத்தது அதற்கு. மோகனப்பிரியாவைப் பொறுப்பாளர் ஆக்கியது அதற்கு. பாவாயி சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பாவாயியின் காரியம் முடிந்த மறுவாரம் அதே நாலைந்து வரிகளை என் பெயரில் சேர்த்துவிட்டேன். எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பச்சமுத்துவே போன் செய்து, "உங்க புண்ணியமுங்க" என்றார். அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு விரல்கூடப் போகவில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.